வீரணன் மணி

செப்டம்பர் 12, வெள்ளி

காலை இட்லி இரண்டு, சர்க்கரை போடாத காபி. மதியம் ஒரு கரண்டி சோறு, முருங்கைக்கீரை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா, தின்பதையெல்லாம் எழுதி மாதம் ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். இது உரக்கடைக்காரன் சும்மா கொடுத்த டைரி. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் எழுத வரும். ஒரு தடவை கேட்டது, பார்த்தது எனக்கு மறக்காது என்பதால் எதையும் எழுதிவைக்கும் வேலை இதுவரை வந்ததில்லை. தின்னதை எழுதிய பிறகும் தாளில் இடம் மிச்சமிருக்கிறது. வீணாக்குவானேன்.

பேத்தி யோகஸ்ரீ இன்று பள்ளியிலிருந்து ஓடிவந்தாள். அவளுடைய அப்பனும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நடக்கப் பழகியதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். பெண்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் பந்தைக் கொண்டுபோகிறவள் அவள்தான்.

"அப்பத்தா, டிஸ்ட்ரிக்ட் மேட்ச் நம்ம ஊர்லயே வச்சுட்டாங்க. இருபத்தாறு, இருபத்தேழு. ஜெயிச்சா ஸ்டேட்டு."

"ஸ்டேட்டுக்குப் போனா?"

"ஸ்டேட் ஆடுன சர்டிபிகேட் இருந்தா மதுரைல காலேஜ்ல சும்மாவே எடம் தருவாங்க. ஹாஸ்டலு, சாப்பாடு எல்லாம் அவங்களே."

"இல்லாட்டி?"

இல்லாவிட்டால் திருப்பூர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மேட்ச் எந்த மைதானத்தில் என்று கேட்டேன். மார்னிங் ஸ்டார் என்றாள். அப்படியே சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இரவு: ஒன்றும் இல்லை. (பிறகு ஒரு தோசை.)

செப்டம்பர் 14, ஞாயிறு

இட்லி இரண்டு. (நான்கு.)

மார்னிங் ஸ்டார் மைதானத்துக்கு நான் ஏன் போவதில்லை என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் கேட்டாள். காரணம் ஊருக்கே தெரியும். என் வாயால் கேட்க அவளுக்கு ஆசை.

ஒரு காலத்தில் இந்த ஊருக்கு ஒரே கிளப்தான். வாய்க்காலுக்கு அந்தக் கரையில் கருவேல முள்ளை வெட்டி மைதானம் ஆக்கியவர்களில் என் வீட்டுக்காரர் வீரணன் முதல் ஆள். பழைய இரும்புப் பட்டையை அடித்து வளைத்து முதல் வளையம் செய்தவரும் அவர்தான். அதில் முதல் பந்தைப் போட்டது அவருடைய சேக்காளி சௌந்தரபாண்டி. இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றவர்கள்.

கிளப்புக்கு வெள்ளி விழா வந்தது. செயலாளர் சௌந்தரபாண்டி நோட்டீஸ் அடித்தான். தாசில்தார் பெயர் இருந்தது. பந்தல்காரன் பெயர், மைக் செட்டுக்காரன் பெயர், விளையாடுகிறவர்களுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்த பயல் பெயர் எல்லாம் இருந்தன. எந்தப் பெயர் எத்தனாவது வரி என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். வீரணன் என்ற பெயர் மட்டும் இல்லை.

"அச்சாபீஸ்ல விட்டுப்போச்சு மதினி" என்றான் சௌந்தரபாண்டி.

அச்சாபீஸ் ஐஸ் வாங்கினவனை விடவில்லையே என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். என் வீட்டுக்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வந்தார். பேசியதெல்லாம் நான்தான். மறுமாதமே வாய்க்காலுக்கு இந்தக் கரையில், எங்கள் வீட்டை ஒட்டிய பொட்டலில் நியூ மார்னிங் ஸ்டார் கிளப்பைத் தொடங்க வைத்தேன். பிள்ளைகளைக் கூப்பிட ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார். காலை ஆறுக்கும் மாலை ஐந்துக்கும் அதில் அடித்தால் இரண்டு கரைக்கும் கேட்கும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு அடிப்பது நான்.

அவருடைய கருப்புக் குடையும் என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலமானால் குடையோடு மதகுச் சுவர் மேல் போய் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் மார்னிங் ஸ்டார் மைதானம் முழுக்கத் தெரியும். என்ன பார்க்கிறீர்கள் என்றால் காற்று வாங்குகிறேன் என்பார். முகம் எப்போதும் அந்தக் கரைப் பக்கம்தான் இருக்கும். காற்று அங்கிருந்துதான் வரும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மதியம் கேப்பைக் களி.

பள்ளி வளையம் மழையில் விழுந்துவிட்டதால் பயிற்சியும் மார்னிங் ஸ்டாரில்தான். நான் உள்ளே கால் வைக்க மாட்டேன். மதகு பொதுச்சுவர். அதில் நிற்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

யோகு பந்தைத் தட்டிக்கொண்டு போனால் கண்ணுக்குக் குளிர்ச்சி. தாத்தாவின் தோள், தாத்தாவின் இடுப்பு வளைசல். மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் பந்தைக் கொடுக்கிறாள், வாங்குகிறாள். ஐந்தாவது, சௌந்தரபாண்டியின் பேத்தி. இடது கைக்காரி. நெட்டை. வளையத்துக்குக் கிட்டே அவள் தனியாக நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். யோகு மதகுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தானே போய்ப் போட்டாள். விழவில்லை.

பி.டி. டீச்சர் பெனிட்டா விசிலை ஊதி, "யோகஸ்ரீ! சுபிக்‌ஷா அங்க ஃப்ரீயா நிக்கிறா, ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினாள்.

சாயங்காலம் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

"நான் ஒனக்கு ஒண்ணும் சொல்லல யோகு. யாரோட வேணாலும் ஆடு. நம்ம பந்து நம்ம கையில இருக்கணும். அம்புட்டுத்தான்."

"சரி அப்பத்தா."

"எல்லாரும் பேர் போடுவாய்ங்கன்னு நம்பிக் குடுத்தவருதான் ஒங்க தாத்தா."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

சப்பாத்தி இரண்டு. யோகுவுக்கு டப்பாவில் ஆறு. பத்து வேண்டும் என்கிறாள். ஆடுகிற பிள்ளை, பசி இருக்கும்தான். டப்பா கழுவும்போது இரண்டு ஸ்பூன் கிடந்தது. பிள்ளைகள் சப்பாத்திக்கு எதற்கு ஸ்பூன் கொண்டுபோகிறார்களோ.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. கவிச்சி கிடையாது. பச்சைப்பயறு.

பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சும்மா ஒரு ஆட்டம் வைத்தார்கள். மதகிலிருந்து பார்த்தேன். எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் விவரமானவர்கள். யோகு யாருக்குக் கொடுக்க மாட்டாள் என்பதைக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். சௌந்தரபாண்டி பேத்தியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேர் யோகுவை மறித்தார்கள். நம் பிள்ளைகள் நால்வராக ஆடியது போலத்தான். தோற்றார்கள்.

டீச்சர் யோகுவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். பந்தை வைத்து ஆடும் பிள்ளையை ஓரத்தில் உட்கார வைப்பது என்ன நியாயம்? என் வீட்டுக்காரரை நோட்டீஸில் விட்டவர்கள், பேத்தியை மைதானத்திலேயே விடப்பார்க்கிறார்கள். டீச்சர் அந்தக் கிளப் ஆளாக இருக்கும் என்று மாரித்தாயிடம் சொன்னேன்.

"அந்த டீச்சருக்கு நாகர்கோவில்க்கா. போன வருசம்தான் இந்த ஊருக்கே வந்துச்சு" என்றாள்.

வந்த வருசத்திலேயே சேர்ந்திருப்பாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

இட்லி. எத்தனை என்று நினைவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். எனக்கா நினைவில்லை.

திருப்பூரிலிருந்து மருமகள் போன் செய்தாள்.

"அத்தை, கம்பெனில சூப்பர்வைசர்ட்ட சொல்லி வச்சுட்டோம். பரீட்சை முடிஞ்சதும் யோகுவ அனுப்பிவிட்டுருங்க. அவ மேட்சு கீட்சுன்னு சொன்னா கேக்காதீங்க."

"ஜெயிச்சா காலேஜுல்ல?"

"ஜெயிச்சா பாப்போம். கட்டிங் டேபிள்ல நின்னு நின்னு எங்காலு ரெண்டும் யானைக்காலா வீங்கியிருக்கு அத்தை. அவளும் இங்கன வந்து நிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா?" போனில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

யோகு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து தன் ஷூவை எடுத்து, ஈரத்துணியால் நெடுநேரம் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ மேட்ச் பாக்க வருவியா அப்பத்தா?"

"அந்த மைதானத்துல என் கால் படாது."

"உள்ள வரியான்னு கேக்கல."

"வெயில்ல எனக்கு ஆகாது. நான் வரல."

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று முதல் நாள் ஆட்டம். அரிசி புடைக்க வேண்டியிருந்தது. புடைத்த பிறகு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க மதகுக்குப் போனேன். வெயில் என்பதால் குடை. அந்த நேரம் நம் பள்ளியின் அரையிறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது தற்செயல்.

சௌந்தரபாண்டிதான் மைக்கில் பேசினான். எழுபதைத் தாண்டியும் குரல் அப்படியே இருக்கிறது. டீச்சர் வேறு வழியில்லாமல் யோகுவை இறக்கினாள். அவள் மதகைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதன்பிறகு பந்து அவள் கையை விட்டு வேறு எங்கும் போகவில்லை. மூன்று பேர் மறித்தாலும் இடித்துக்கொண்டு போனாள். முழங்கை சிராய்த்து ரத்தம். கடைசியில் ஒரே ஒரு பாயிண்டில் ஜெயித்தார்கள். எதிரணியில் நன்றாக ஆடுகிற பிள்ளைக்குக் காய்ச்சலாம். இல்லாவிட்டால் இன்றைக்கே முடிந்திருக்கும்.

திரும்பும்போது பாலத்தின் இந்த முனையில் பெனிட்டா டீச்சர் என்னை நிறுத்தினாள்.

"பாட்டி, நாளைக்கு எங்களுக்குக் கான்வென்ட் டீம். இன்னிக்கு ஆடுன மாதிரி ஆடுனா இருபது பாயிண்ட்ல தோப்போம்."

"எம் பேத்தி ஆடலையா?"

"அவ மட்டுந்தான் ஆடுறா. அதான் பிரச்சனை." கோபமாகத்தான் தொடங்கினாள். பிறகு குரலை இறக்கி, "ஒரு வீடியோ காட்டுறேன், பாருங்க. காலைல ஆறு மணி பிராக்டீஸ்ல எடுத்தது" என்று போனை நீட்டினாள்.

அதில் யோகு பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் எறிகிறாள். சௌந்தரபாண்டி பேத்தி அங்கே வந்து எடுத்துப் போடுகிறாள். மறுபடி அவள் கொடுக்க, இவள் போடுகிறாள். ஒருத்தி நினைப்பது இன்னொருத்திக்குத் தெரிகிறது. இப்படி ஒரு ஆட்டத்தை முன்பு ஒரு காலத்தில் இரண்டு பேர் ஆடி நான் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். நடுவில் என் டப்பா. இரண்டு ஸ்பூன்.

படத்தின் பின்னணியில் டங், டங் என்று ஒரு சத்தம். நான் அடிக்கும் மணி.

"மணி கேக்குதுல்ல? அது கேட்டா நீங்க அந்தக் கரைல இருக்கீங்கன்னு அர்த்தமாம். அதுக்கப்புறந்தான் ரெண்டும் இப்டி ஆடும். அந்தக் கருப்புக் குடை மதகுல தெரிஞ்சா போதும், ஒங்க பேத்தி கை மரக்கட்டையாயிருது. நான் திட்டிப் பாத்தேன், பெஞ்சுல ஒக்கார வச்சும் பாத்தேன். 'எங்க அப்பத்தா மனசு கஷ்டப்படும் மிஸ்'ங்கிறா. நான் என்ன பண்ணட்டும்?"

இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். பிறகு இன்னொரு தடவை. கண்ணாடி சரியில்லை, அதனால்தான்.

வீட்டுக்கு வந்து யோகுவின் முழங்கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். டீச்சர் சொன்னது எதையும் பேசவில்லை.

"நாளைக்கு நான் வரல யோகு. முட்டி வலி."

"இன்னிக்கும் அப்டித்தான் சொன்ன."

"இன்னிக்கு வாய்க்கால்ல தண்ணி பாக்க வந்தேன்."

"நாளைக்கும் தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 27, சனி

முட்டி வலி. உண்மையிலேயே வலி. போகவில்லை.

குடையை மடித்துப் பரண் மேல் போட்டேன். மதியத்துக்கு மேல் தெருவே காலி. நண்டு சிண்டு வரைக்கும் அந்தக் கரையில். எங்கள் கிளப் பையன்கள்கூடப் போய்விட்டார்கள், போகிறவர்களைப் பிடித்தா வைக்க முடியும். கான்வென்ட் ஆட்கள் இரண்டு பஸ் நிறைய வந்திருக்கிறார்களாம், தப்புக் கொட்டு அடிக்கிறவர்களோடு. நான் வாசலில் உட்கார்ந்து தட்டைப்பயறு உடைத்தேன். வாய்க்கால் தண்ணீர் மேல் மைக் சத்தம் தெளிவாக வந்தது.

"பந்து யோகஸ்ரீ கையில... யோகஸ்ரீ போறாங்க... ரெண்டு பேர் மறிக்கிறாங்க... போச்சு. பந்து கான்வென்ட் அணிக்கு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே வார்த்தை. மறுபடியும். யோகஸ்ரீ போகிறாள், போச்சு. தப்பு முழங்கியது. உடைக்கிற பயறில் பாதி தோலோடு விழுந்தது. குடைதான் பரணில் கிடக்கிறதே, நான்தான் போகவில்லையே, பிறகும் ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறாள்? நான் அப்படியா வளர்த்துவிட்டேன் என்று கேட்டுக்கொண்டேன். பதில் எழுத இந்த டைரியில் இடம் போதாது.

பாதி ஆட்டத்தில் விசில் ஊதினார்கள். பதினொரு பாயிண்ட் பின்னால். மாரித்தாய் தண்ணீர்க் குடம் எடுக்க ஓடிவந்தவள், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏக்கா, நீ இங்கனயா இருக்க? ஒம் பேத்தி மதகையே பாத்துப் பாத்து ஆடுறா! அங்கன கான்வென்ட்காரன் எவனோ கருப்புக் குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நாங்கெல்லாம் நீதான்னுல நெனச்சோம்!"

"நான் ஏன் அங்க நிக்கப்போறேன்."

"நான் போயிச் சொல்லிரவா?"

"சொன்னா நம்ப மாட்டா. நேத்தும் வரலைன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

மாரித்தாய் குடத்தோடு ஓடிவிட்டாள். நான் பயறு முறத்தைக் கீழே வைத்தேன். மணி அடிக்கிற நேரம் வந்துவிட்டது போல இருந்தது. எங்கள் வீட்டுக் கடிகாரம் சில நாட்களில் முந்தி ஓடும். பொட்டலில் மணிக்கு வர ஒரு பிள்ளையும் இல்லை. இல்லாவிட்டால் என்ன, நேரத்துக்கு அடிப்பது வழக்கம். இரும்புத் தடியை எடுத்துத் தண்டவாளத்தில் அடித்தேன். வழக்கமாகப் பத்து அடி அடிப்பேன். இன்று எண்ணவில்லை. தோள்பட்டை இற்றுப்போகும் வரை அடித்தேன்.

நிறுத்தியபோது அந்தக் கரையில் தப்பும் நின்றிருந்தது. மைக்கில் சௌந்தரபாண்டி பேசினான்.

"அக்கரையில... வீரணன் மணி அடிக்குது."

அந்தப் பெயர் மைதானத்தின் நான்கு ஸ்பீக்கர் குழாயிலும் போய், வாய்க்கால் மேல் வந்து, எங்கள் சுவரில் இடித்தது. அடுத்து, "ஆட்டம் தொடங்குது" என்றான்.

தடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"பந்து யோகஸ்ரீ கையில. யோகஸ்ரீ போறாங்க. யோகஸ்ரீ..." அவன் குரல் திடீரென்று ஏறியது. "சுபிக்‌ஷாவுக்கு! சுபிக்‌ஷா! ரெண்டு பாயிண்ட்!"

பிறகு அவனால் மூச்சுவிட முடியவில்லை. யோகஸ்ரீ, சுபிக்‌ஷா, யோகஸ்ரீ, சுபிக்‌ஷா. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். பதினொன்று எட்டானது. எட்டு ஐந்தானது. கான்வென்ட் பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, திரும்பத் திரும்பப் போட்டார்கள். கடைசியில் ஒரு பாயிண்ட் பின்னால் நிற்கும்போது, "இன்னும் சில நொடிதான் இருக்கு. பந்து யோகஸ்ரீ. சுபிக்‌ஷாவுக்குக் குடுத்துட்டாங்க. சுபிக்‌ஷாவ மூணு பேரு மறிக்கிறாங்க, சுபிக்‌ஷா திரும்ப..."

கரண்ட் போய்விட்டது.

மைக் செத்தது. ஒரு நொடி ஒன்றுமே இல்லை. பிறகு ஓவென்று ஒரு கூச்சல். யாருடைய கூச்சல்? இரண்டு பஸ் நிறைய ஆட்கள் அவர்களுக்கும் இருக்கிறார்கள். தப்பு முழங்கியது. தப்பு அவர்களுடையது. முட்டி வலியோடு பாலம் வரை போனேன். பாலத்தில் கால் வைக்கவில்லை. வைக்க மாட்டேன் என்று சொன்னால் வைக்க மாட்டேன். அந்தக் கரையிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் தடி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலில் வந்தது யோகு. தலைமுடி அவிழ்ந்து, முழங்கைப் பற்று கரைந்து வழிய, ஓடிவந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நெட்டைப் பிள்ளை.

"திருப்பிக் குடுத்துட்டா அப்பத்தா! எல்லாரும் இவ மேல விழுந்தாங்க, இவ எனக்குத் திருப்பிக் குடுத்துட்டா! நான் போட்டேன்! ஸ்டேட்டு அப்பத்தா, ஸ்டேட்டு!"

கண்ணில் தூசி. பயறுத் தூசி பொல்லாதது.

"இவளுக்குப் பசிக்குதாம்" என்றாள் யோகு. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பிள்ளை யோகுவின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தது. அவ்வளவு உயரத்துக்கு எங்கே ஒளிவது.

"சப்பாத்தி இல்ல. களிதான் இருக்கு. ஸ்பூன் வேணுமா?" என்று கேட்டேன்.

இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. சுபிக்‌ஷாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அவர்கள் உள்ளே தின்றுகொண்டிருக்கும்போது சௌந்தரபாண்டி பாலத்தின் அந்த முனையில் வந்து நின்றான். தாண்டவில்லை. நான் இந்த முனையில் நின்றேன்.

"மதினி. மணி கேட்டுச்சு."

"அஞ்சு மணிக்கு அடிக்கிறதுதான."

"அப்ப நாலேகால் மதினி."

"எங்க வீட்டுக் கடியாரம் முந்தி ஓடும்."

"ஆமா ஆமா" என்றான். "பிள்ளைகளுக்குப் பாராட்டு விழா வைக்கணும்னு பசங்க சொல்றாய்ங்க. ரெண்டு கிளப்பும் சேந்து. நோட்டீஸ் அடிக்கணும். வீரணன் பேரு..."

"மைக்குல சொன்னது காத்தோட போச்சு" என்றேன். "மொதல்ல ப்ரூஃபக் கொண்டாந்து காமி. பெறகு பேசுவோம்."

இரவு: களி. லட்டு பாதி. (ஒன்றரை.)

செப்டம்பர் 28, ஞாயிறு

யோகு மதியத்துக்கு மேல் தூங்கினாள். திருப்பூருக்குப் போன் போட்டு மருமகளிடம் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "சூப்பர்வைசர்ட்ட வேணாம்னு சொல்லிரவா அத்தை?" என்றாள். சொல்லிரு என்றேன்.

காலை ஆறுக்கு மணி அடித்தேன். அடித்து முடித்ததும் அந்தக் கரையிலிருந்து பந்து தட்டும் சத்தம் கேட்டது. நான் மதகுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இட்லி மூன்று. இது நிஜமான எண்ணிக்கை.

சுபிக்‌ஷா ப்ரூஃப் கொண்டுவந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். மூன்றாவது வரியில் இருந்தது: அமரர் வீரணன், கழகத்தை நிறுவியவர். முதல் வரிக்கு ஏற்றச் சொல்லிக் கோடு போட்டுக் காட்டினேன். தாசில்தார் இரண்டாவது வரியில் இருந்துகொள்ளட்டும்.

"வேற எதும் மாத்தணுமா பாட்டி?" என்றாள்.

திரும்பவும் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தேன். இரண்டு கிளப் பெயரும் இருந்தன. ஐந்து பிள்ளைகள், டீச்சர், பந்தல்காரன், மைக் செட்டுக்காரன் எல்லாரும் இருந்தார்கள். சௌந்தரபாண்டி என்ற பெயர் எங்குமே இல்லை. அச்சாபீஸில் விட்டுப்போனதா, அவனே விட்டானா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். தெரியவில்லை பாட்டி, தாத்தாதான் எழுதிக் கொடுத்தார் என்றது.

பேனாவை வாங்கி அவன் பெயரை எழுதிச் சேர்த்தேன்.

கடைசி வரியில். மைக் செட்டுக்காரனுக்கும் கீழே.